சனிக்கிழமைக் கூலியும் ஒரு பதக்கமும்

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோவில் வாரத்தின் பெரிய நாள் சனிக்கிழமை. அன்றைக்குத்தான் சம்பளம். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டு மணிக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். கடன் கேட்பவரும் கடன் கொடுத்தவரும் சீட்டு பிடிப்பவரும் பேசுவது இந்த ஷிப்ட் கணக்கில்தான். சனிக்கிழமை லீவு போடுகிறவர் அன்றைய கூலியை இழப்பதோடு, வாங்க வேண்டிய வாரக் கூலிக்கும் திங்கள்கிழமை வரை காத்திருக்க நேரும். அதனால் கல்யாணம், காதுகுத்து என்றாலொழிய யாரும் அன்றைக்கு லீவு போடுவதில்லை.

இந்த ஊரில் ரக்பி லீக் பார்ப்பவர் எவரும் இல்லை. பள்ளி மைதானங்களில் கபடி உண்டு, வாலிபால் உண்டு, கிரிக்கெட் எங்கும் உண்டு. ஆனால் ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு சீசன் முடிவிலும் அந்த ஆட்டத்தின் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் டேலி எம் பதக்கத்தின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், அதன் வேர் ஒரு சனிக்கிழமைக் கூலியில் போய் நிற்கிறது. பனியன் கம்பெனிக்காரர் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத கதை அது.

இங்கிலாந்தின் வடக்கே ஹடர்ஸ்ஃபீல்ட், லீட்ஸ், விகன், ஓல்டாம் ஆகியவை மில் ஊர்கள், சுரங்க ஊர்கள். ஹடர்ஸ்ஃபீல்ட் கம்பளித் துணிக்குப் பேர் போனது, ஓல்டாம் பருத்தி நூலுக்கு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே தொழிலாளிக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை. பிற்பகலில்தான் ரக்பி ஆட்டம். உள்ளூரில் ஆட்டம் என்றால் மில்லிலிருந்து நேரே மைதானத்துக்குப் போய்விடலாம். வெளியூர் என்றால் காலையிலேயே ரயில் ஏற வேண்டும், அந்த அரைநாள் கூலி போய்விடும். கிளப்புகள் டிக்கெட் விற்றுக் காசு பார்த்தன. கூட்டம் ஆயிரக்கணக்கில் வந்தது. ஆடுகிறவன் மட்டும் கைக்காசை இழந்து ஆடினான்.

இழந்த கூலியை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. சம்பளம் கேட்கவில்லை, பரிசும் கேட்கவில்லை. 1893 செப்டம்பரில் லண்டனில் நடந்த ரக்பி யூனியன் கூட்டத்தில் யார்க்‌ஷர் பிரதிநிதிகள் கொண்டு வந்த தீர்மானம் 136க்கு 282 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. பணத்துக்கு ஆடினால் ஆட்டத்தின் புனிதம் கெட்டுவிடும் என்பது தெற்கத்தியக் கனவான்களின் வாதம். வக்கீலுக்கும் டாக்டருக்கும் பங்குச்சந்தைக்காரருக்கும் சனிக்கிழமை காலை ஓய்வு தானாகவே கிடைத்த காலம் அது. புனிதத்தைக் காப்பாற்ற அவர்கள் பையிலிருந்து ஒரு காசும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அந்த வாதத்தைக் கேட்க வேண்டும்.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் ரயில் நிலையத்தை அடுத்த ஜார்ஜ் ஹோட்டலில் இருபதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் கூடிப் பிரிந்து போக முடிவெடுத்தன. நார்தர்ன் யூனியன் என்று புது அமைப்புக்குப் பெயர்; அதன் ஆட்டம்தான் பின்னாளில் ரக்பி லீக். இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் என்று தொகையும் வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்க அனுமதி வந்தபோதும் ஒரு நிபந்தனை இருந்தது: ஆட்டக்காரருக்கு வேறொரு நிரந்தர வேலை இருந்தாக வேண்டும். மில்லை விட்டுவிட்டு ரக்பியை நம்பி உட்கார முடியாது.

காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர்களுக்காக ஆட்டத்தையே மாற்றினார்கள். பதினைந்து பேர் 1906இல் பதின்மூன்று பேர் ஆனார்கள். குவியலாக விழுந்து புரள்வது குறைந்தது, ஓட்டம் கூடியது. பின்னாளில், பந்தை வைத்திருக்கும் அணி ஆறு முறை பிடிபட்டால் எதிரணிக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. கபடி தெரிந்தவருக்கு இதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும்: பிடிக்கிற ஆளின் இடுப்புக்கட்டும், பிடிபடுகிற ஆளின் எகிறலும் ஒன்றுதான்.

இந்த ஆட்டம் சிட்னிக்குப் போனதும் ஒரு கூலிக் கணக்கோடுதான். அலெக் பர்டன் என்ற வீரர் நியூ சவுத் வேல்ஸ் அணிக்காக ஆடப் போய் அடிபட்டார். வேலைக்குப் போக முடியவில்லை. ரக்பி யூனியன் இழப்பீடு கொடுக்கவில்லை. அவரும் இன்னும் சிலரும் கூடிப் பேசிய இடம் மார்க்கெட் தெருவில் இருந்த ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கடைக்காரர் விக்டர் ட்ரம்பர். ஆம், அதே ட்ரம்பர்தான். கிரிக்கெட் மட்டையைப் பிடித்துக்கொண்டு கிரீஸை விட்டு இறங்கி நிற்கும் அந்தப் புகழ்பெற்ற கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பவர். 1907 ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் உருவானபோது அதன் பொருளாளரும் அவரே. செயலாளர் ஜேம்ஸ் கில்டினன். ட்ரம்பரின் கவர் டிரைவைப் பற்றி எழுதியவர்களில் அவர் கடையில் நடந்த இந்தப் பேச்சைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

புது லீக்குக்கு ஒரு பெரிய பெயர் தேவைப்பட்டது. அந்தப் பெயர் ஹெர்பர்ட் ஹென்றி மெசெஞ்சர். 1883இல் சிட்னியின் பால்மெய்னில் பிறந்தவர், படகு கட்டும் குடும்பம். குழந்தையாக இருந்தபோது தொப்பையும் தொந்தியுமாக, அக்காலத்து அரசியல்வாதி டேலி மாதிரி இருந்தாராம். வீட்டில் வைத்த கேலிப்பெயர் உலகப் பெயராகிவிட்டது. மைதானத்தின் எந்த மூலையிலிருந்தும் கோல் உதைக்கக்கூடியவர், ஆட்டத்தைத் தன் போக்கில் திருப்பக்கூடியவர். சனங்கள் அவரைப் பார்க்கவே வந்தார்கள். அவர் போகும் பக்கம்தான் கூட்டமும் போகும் என்று கில்டினனுக்குத் தெரியும். மெசெஞ்சர் தன் தாயின் சம்மதத்தைக் கேட்டபிறகுதான் ஒப்புக்கொண்டார் என்று சொல்வார்கள். 180 பவுண்டு பேசப்பட்டதாகவும் சொல்வார்கள்.

ஒப்பந்தம் நியூசிலாந்திலிருந்து வந்த தொழில்முறை அணியோடு ஆடுவதற்கு. அந்த அணியைக் கூட்டியவர் வெலிங்டனில் தபால் துறை எழுத்தராக இருந்த ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற இளைஞர். ஆட வந்த ஒவ்வொருவரும் கைப்பணம் போட்டுச் சேர்ந்த கூட்டு முயற்சி அது. லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தாலும் பங்கு. ஆல் பிளாக்ஸ் என்ற புகழ்பெற்ற பெயரைத் திரித்து, காசுக்கு ஆடுகிறவர்கள் என்று குத்தலாக ஆல் கோல்ட்ஸ் என்று பத்திரிகைகள் எழுதின. சிட்னியில் மெசெஞ்சரின் ஆட்டத்தைப் பார்த்ததும் பாஸ்கர்வில் அவரையும் தங்களோடு இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்டார்.

கப்பல் வழியில் கொழும்பில் நின்றது. 1907 செப்டம்பரில் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இலங்கை அணியும் இவர்களும் மோதினார்கள். பழைய யூனியன் விதிப்படி ஆட்டம், 33க்கு 6 என்று வந்தவர்கள் வென்றார்கள். இலங்கை ரக்பி அணியின் முதல் ஆட்டமாக இதைத்தான் கணக்கு வைக்கிறார்கள். அன்றைய இலங்கை ரக்பி என்பது கொழும்பு வெள்ளைக்காரக் கம்பெனி ஆட்களும் மலையகத் தோட்டத் துரைமாரும் ஆடிய ஆட்டம். டிக்கோயாவிலும் டிம்புலாவிலும் துரைமாருக்குக் கிளப்புகள் இருந்தன. மைதானத்தின் ஒரு பக்கம், ஆடுவதற்கு விடுப்பும் குதிரையும் கையில் இருந்தவர்கள். மறுபக்கம், ஆடுவதற்காகவே வேலையை விட்டுவிட்டுக் கடலேறியவர்கள். துரைமாரின் தோட்டத்தில் கொழுந்து பறித்த நம் ஆட்களுக்கு நாட்கூலி. பறித்த ராத்தல் குறைந்தால் அதுவும் அரைப்பேர்.

அந்தக் கப்பலில் இருந்தவர்களில் இருவரின் பெயர் பின்னாளில் பரிசாக மாறியது. ஒருவர் மெசெஞ்சர். இன்னொருவர் லான்ஸ் டாட். டாட் இங்கிலாந்திலேயே தங்கி விகனுக்கு ஆடினார், பிறகு சால்ஃபோர்டு அணியின் மேலாளராகப் பெயரெடுத்தார், 1942இல் கார் விபத்தில் இறந்தார். 1946 முதல் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கு அவர் பெயரில் பரிசு கொடுக்கிறார்கள். பயணத்தைக் கனவு கண்ட பாஸ்கர்விலுக்கு அப்படி ஆயுள் வாய்க்கவில்லை. ஊர் திரும்பும் வழியில் 1908 மே மாதம் பிரிஸ்பேனில் நிமோனியாவில் போய்விட்டார். வயது 25.

மெசெஞ்சர் திரும்பி வந்தபோது பழைய ரக்பி யூனியன் அவர் பெயரையும் அவர் எடுத்த புள்ளிகளையும் தன் ஏடுகளிலிருந்து அடித்துவிட்டிருந்தது. ஆடிய ஆட்டம் ஆடாத ஆட்டமாகிவிட்டது. அதைத் திரும்ப எழுதிச் சேர்க்க நூறு ஆண்டு ஆயிற்று. அவரோ ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணிக்குத் தலைமை ஏற்று 1911, 1912, 1913 என்று மூன்று வருடம் தொடர்ந்து பட்டம் வாங்கிக் கொடுத்தார். 1911 சீசனில் மட்டும் 270 புள்ளி. மூன்று முறை தொடர்ந்து வென்றால் சவால் கேடயம் அந்த அணிக்கே சொந்தம் என்று ஏற்பாடு. கேடயம் கிளப்புக்கு வந்தது. கிளப் அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்காமல் மெசெஞ்சரிடமே கொடுத்துவிட்டது. இன்று அது கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதின்மூன்று பேர் சேர்ந்து வென்ற ஒரு பொருள் ஒரே ஆளின் வீட்டுக்குப் போன அந்த நாளைத்தான் டேலி எம் பதக்கத்தின் கருத்தரிப்பு என்று நான் வைத்துக்கொள்வேன். பதக்கம் பிறக்க இன்னும் 67 ஆண்டு பாக்கி.

ஆட்டத்தை விட்டபிறகு மெசெஞ்சர் ஹோட்டல் நடத்திப் பார்த்தார், வாழை போட்டுப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. 1959 நவம்பரில் கன்னெடா என்ற சிற்றூரில் இறந்தார். அவர் பெயரில் பரிசு வைக்கலாம் என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

சிறந்த வீரருக்குப் பரிசு வைக்கலாம் என்று முதலில் தோன்றியது சிகரெட் கம்பெனிக்கு. 1968இல் சிட்னி லீக்கில் சீசனின் சிறந்த வீரருக்கு ராத்மன்ஸ் பதக்கம் வந்தது. முதலில் வாங்கியவர் க்ரோனல்லா அணியின் டெர்ரி ஹியூஸ். யார் சிறந்தவர் என்று வாக்களித்தவர்கள் நடுவர்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு சுவாரசியம் உண்டு. நடுவருக்கு எல்லா ஆட்டக்காரரையும் பத்தடி தூரத்தில் பார்க்கும் வாய்ப்பு. அதே சமயம், தன்னிடம் எதிர்த்துப் பேசியவனுக்கு முழுப் புள்ளி கொடுக்கும் மனசு எத்தனை நடுவருக்கு வரும்? வாய் நீளமானவர்கள் ராத்மன்ஸ் வாங்குவது கடினம் என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் ஆட்டம் முழுக்கவே புகையிலையின் கையில் இருந்தது. 1982 முதல் லீக் கோப்பைக்கே வின்ஃபீல்ட் என்று சிகரெட்டின் பெயர். 1963 இறுதி ஆட்டம் முடிந்து, மேலெல்லாம் சேறாக, உயரமான நார்ம் ப்ரோவனும் குள்ளமான ஆர்தர் சம்மன்ஸும் கட்டிக்கொண்டு நின்ற காட்சியை ஜான் ஓ'கிரெடி என்ற புகைப்படக்காரர் பிடித்திருந்தார். அந்தப் படத்தைச் சிலையாக வார்த்து கோப்பையில் வைத்தார்கள். 1992இல் ஆஸ்திரேலியா புகையிலை விளம்பரத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. போட்ட ஒப்பந்தங்கள் முடிய முடிய வின்ஃபீல்ட் என்ற பெயர் உதிர்ந்தது, 1996க்குப் பிறகு ராத்மன்ஸ் பதக்கமும் நின்றது. சிலை மட்டும் தங்கிவிட்டது. இப்போது கோப்பைக்கே அந்த இருவரின் பெயர்தான்.

டேலி எம் இதற்கிடையில் 1980இல் பிறந்துவிட்டது. பெற்றது நியூஸ் லிமிடெட் என்ற பத்திரிகை நிறுவனம், மர்டாக்கின் சாம்ராஜ்யம். பத்திரிகைக்கு இது நல்ல வியாபாரம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருவர் உட்கார்ந்து பார்த்து, சிறந்தவருக்கு மூன்று, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று என்று போட வேண்டும். சீசன் முழுக்க அது சேர்ந்துகொண்டே வரும். வாரா வாரம் பட்டியல் போட்டால் வாரா வாரம் பேப்பர் விற்கும். பாதி சீசன் தாண்டியதும் கணக்கை மூடி வைப்பார்கள், கடைசி இரவில்தான் திறப்பார்கள். முதல் பதக்கம் சவுத் சிட்னி அணியின் ராபர்ட் லாரிக்கு. அவர் யாரென்று இன்று கேட்டால் ஆஸ்திரேலியாவிலேயே பாதிப் பேர் யோசிப்பார்கள். ஆனால் பட்டியலின் தலையில் அவர் பெயர் இருக்கிறது, பிறகு வந்த ஜாம்பவான்கள் எல்லாரும் அவருக்குக் கீழேதான்.

சீசன் முழுக்கச் சேர்க்கும் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு இறுதி ஆட்டத்தில் பிரகாசித்தவனுக்கு இது கிடைக்காது. குளிரில், மழையில், பார்க்க ஆளில்லாத ஆட்டத்தில், தோற்கிற பக்கம் நின்று ஆடியவனுக்கும் அங்கங்கே ஒரு புள்ளி விழும். ஆட்டத் தடை வாங்கினால் புள்ளி போகும் என்பதால் முரட்டு ஆட்டமும் கணக்கில் வருகிறது. குறையும் அதே கணக்கில்தான். பட்டியலைப் பாருங்கள்: 1986லும் 1987லும் பீட்டர் ஸ்டெர்லிங், 1998, 1999, 2002இல் ஆண்ட்ரூ ஜான்ஸ், 2005, 2007, 2014, 2015 என்று நான்கு முறை ஜொனாதன் தர்ஸ்டன். மூவருமே பந்தைக் கையில் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில் ஆடியவர்கள். முன்வரிசையில் நின்று மோதி மோதி வழி உண்டாக்கித் தருகிறவர்கள் இந்தப் பட்டியலில் அரிது. 2016இல் ஜேசன் டாமலோலோ வாங்கினார், அதையும் கூப்பர் க்ரோங்க் என்ற பந்து பிரிப்பவரோடு பங்கு போட்டுக்கொண்டார். நம் ஊர் லைனில் ஓவர்லாக் டெய்லருக்கு எத்தனை பீஸ் என்று நோட்டில் ஏறும், பக்கத்தில் நின்று மடித்துக் கொடுத்து அந்தக் கை நிற்காமல் பார்த்துக்கொள்ளும் கைமடிக்குப் பீஸ் கணக்கே கிடையாது அல்லவா, அப்படித்தான். புரோ கபடி லீக்கில் சிறந்த ரெய்டர், சிறந்த டிஃபெண்டர் என்று தனித்தனியாகப் பரிசு வைத்திருப்பது இந்த விஷயத்தில் தெளிவான ஏற்பாடு. டேலி எம் இரவிலும் ஒவ்வொரு இடத்துக்கும் சிறந்தவர் என்று பரிசுகள் உண்டு, ஆனால் மறுநாள் காலைப் பேப்பரின் முதல் பக்கத்தில் வருவது அந்த ஒற்றைப் பதக்கம்தான்.

கடலுக்கு அப்பால் இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. இங்கிலாந்தில் 1977 முதல் மேன் ஆஃப் ஸ்டீல், லீட்ஸ் வீரர் டேவிட் வார்டு முதலில் வாங்கினார். பெயரில் எஃகு வந்ததற்கு வீரம் காரணமல்ல, பணம் போட்டது ஓர் எஃகுக் கம்பெனி. கம்பெனி போனபிறகும் பெயர் நின்றுவிட்டது. வயிற்றில் வந்த அபூர்வப் புற்றுநோயோடு ஏழு ஆண்டு போராடி 2013இல் இறந்த ஸ்டீவ் பிரெஸ்காட்டின் பெயரை 2014இல் அதோடு சேர்த்தார்கள். நோயோடு இருந்தபோதே மாரத்தான் ஓடி மருத்துவமனைகளுக்குப் பணம் திரட்டியவர் அவர். இப்போதுதான் எஃகு என்ற பெயர் பொருத்தமாக இருக்கிறது. உலகின் சிறந்த வீரருக்கான கோல்டன் பூட்டை 1984இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை தொடங்கியது. வாலி லூயிஸ் முதலில். தொண்ணூறுகளில் பல ஆண்டு கொடுக்காமலே நின்று, 1999இல் மறுபடி எழுந்தது.

1995இல் டேலி எம்மைப் பெற்ற பத்திரிகைக்காரர்கள் ஆட்டத்தையே வாங்கக் கிளம்பினார்கள். கேபிள் டிவி வந்த நேரம். ஒளிபரப்பு உரிமை டிவி முதலாளி கெர்ரி பேக்கரின் கையில் இருந்தது. நியூஸ் லிமிடெட் சூப்பர் லீக் என்று போட்டி லீக் தொடங்கி, வீரர்களை நினைத்துப் பார்க்காத தொகைக்கு இழுத்தது. 1997இல் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு லீக், இரண்டு சாம்பியன். அடிபட்டு அயர்ந்து 1998இல் ஒன்றுசேர்ந்தபோது புதிய தேசிய ரக்பி லீக்கில் (என்.ஆர்.எல்) பாதி நியூஸ் லிமிடெடுக்கு. பரிசு கொடுத்த பத்திரிகை, சம்பளம் கொடுக்கும் முதலாளியாகவும் ஆகிவிட்டது. இந்தச் சண்டையின் நடுவே, 1995 ஆகஸ்ட் 26 அன்று, ரக்பி யூனியன் பாரிஸில் கூடி இனி ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்துக்கு நூறு ஆண்டு நிறைய மூன்று நாள் இருந்தது. ஆறு ஷில்லிங் கொடுக்க மறுத்து ஆட்டத்தை இரண்டாக உடைத்தவர்கள் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

பட்டியலில் 2003ஆம் ஆண்டுக்கு நேரே வெற்றிடம் இருக்கிறது. அந்த சீசனிலும் வாரா வாரம் மூன்று, இரண்டு, ஒன்று என்று போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் குறைந்தபட்சச் சம்பளம், கூட்டு ஒப்பந்தம் பற்றி வீரர் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் பேச்சு முறிந்திருந்தது. ஆட்டத்தைப் புறக்கணித்தால் ரசிகனுக்கு நஷ்டம், தங்களுக்கும் நஷ்டம். விருது இரவைப் புறக்கணித்தால் நஷ்டம் முதலாளிக்கு மட்டும். வீரர்கள் வரமாட்டோம் என்றார்கள். கோட்டு சூட்டு, விளக்கு, விருந்து, டிவி நேரலை எல்லாம் தயாராக வேண்டிய வாரத்தில் விழாவே ரத்தானது. பதக்கம் யாருக்கும் போகவில்லை. சீசன் முழுக்கப் புள்ளி சேர்த்து முதலிடத்தில் இருந்தவர் சங்கத்தின் முடிவுக்காகத் தன் பதக்கத்தை இழந்தார். டேலி எம்மின் வரலாற்றில் நான் பெரிதாக மதிப்பது இந்த ஆண்டைத்தான். மெசெஞ்சர் உயிரோடிருந்தால் அன்றைக்கு எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

திருப்பூருக்கு இந்தப் போராட்ட மொழி புதிதல்ல. 1984இல் பஞ்சப்படி கேட்டு இங்கே பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கமும் முதலாளிகள் அமைப்பும் உட்கார்ந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போடும் சம்பள ஒப்பந்தம் இன்றுவரை இந்த ஊரின் முக்கியமான காகிதம். ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கையெழுத்தாகாமல் இழுக்கும் மாதங்களில் டீக்கடைப் பேச்சு வேறு எதற்கும் திரும்பாது. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஆண்டுக்கொரு முறை ஏற்றுமதிச் சாதனைக்கு விருது வாங்கிய படம் வரவேற்பறையில் தொங்கும். முதலிபாளையத்தில் பின்னலாடைக்கென்றே நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து வெளிவரும் பிள்ளைகள் ஸ்போர்ட்ஸ் ஜெர்சியின் துணி, வியர்வை உலரும் நேரம், சாயம் நிற்கும் விதம் எல்லாம் கற்கிறார்கள். ரக்பி ஜெர்சி ஒரு காலத்தில் கனத்த பருத்திப் பின்னல், காலர் மட்டும் வெள்ளைத் துணி, பிடித்திழுத்தாலும் காயம் படாதபடி ரப்பர் பட்டன். இப்போது உடம்போடு ஒட்டும் பாலியஸ்டர், பிடிக்க விளிம்பே இருக்காது.

இந்தியாவில் ஆட்டக்காரனின் சனிக்கிழமைப் பிரச்சினைக்கு வேறு மாதிரி தீர்வு கண்டோம். 1961இல் அர்ஜுனா விருது வந்தது. முதல் ஆண்டிலேயே சதுரங்கத்தின் மானுவல் ஆரோனும் டென்னிஸின் ராமநாதன் கிருஷ்ணனும் சென்னையிலிருந்து வாங்கினார்கள். அது அரசு கொடுப்பது, விண்ணப்பமும் பரிந்துரையும் குழுவும் தாண்டி வருவது. வாரா வாரம் யாரும் மூன்று புள்ளி போடுவதில்லை. ஆனால் கிராமத்துக் கபடிப் பையனுக்குப் பெரிய பரிசு அர்ஜுனா அல்ல, ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. ரயில்வே, மின்வாரியம், போலீஸ், வங்கி என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிட்டால் ஆட்டத்துக்குப் போகும் நாள் பணி நாளாகவே எழுதப்படும். ஹடர்ஸ்ஃபீல்ட்காரர்கள் கேட்ட ஆறு ஷில்லிங் இங்கே வருகைப் பதிவேட்டில் ஒரு டிக் குறியாகக் கிடைத்தது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1995இல் கபடிக்காக அர்ஜுனா வாங்கினார். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025இல் 'பைசன்' படம் எடுத்தார். அரசு வேலை என்ற அந்த வாசலும் இப்போது குறுகி வருகிறது. அதன் இடத்தில் ஏலம் போட்டு வாங்கும் லீக்குகள் வந்திருக்கின்றன. ஏலத்தில் பெயர் வராதவனுக்கு வழி என்ன என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

பெண்களுக்கென்று தேசிய லீக் வர 2018 ஆயிற்று. தொடங்கியது நான்கே அணிகளோடு. அந்த ஆண்டு பெண்களுக்கான டேலி எம் பிரிட்டனி பிரேலிக்கு. சில வாரங்களே நீண்ட அந்த சீசனில் ஆடியவர்கள் மற்ற நாட்களில் வேறு வேலை பார்த்துப் பிழைத்தவர்கள். பயிற்சிக்கும் பயணத்துக்கும் தங்கள் வேலையிடத்தில் லீவு கேட்டு நின்றார்கள். 1895இல் ஆண்களுக்காக உடைந்த ஆட்டம், 123 ஆண்டு கழித்துப் பெண்களிடம் அதே விண்ணப்பத்தை எழுத வைத்தது.

2023இல் மறுபடியும் ஒப்பந்தத் தகராறு. வீரர்கள் ஆட்ட நாட்களில் பத்திரிகைக்காரர்களோடு பேசமாட்டோம் என்று நிறுத்தினார்கள். விருது இரவுக்கு வருவார்களா என்ற கேள்வி இருபது ஆண்டுக்குப் பின் திரும்ப எழுந்தது. ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிந்தது. 2027 வரை, நூற்று முப்பத்து நாலே முக்கால் கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்றுக் குறைவு. பெண்களின் சம்பளமும் விடுப்பும் முதன்முறையாக அதே காகிதத்தில் ஏறின. அதே ஆண்டு வாக்கு முறையையும் மாற்றியிருந்தார்கள்: ஆட்டத்துக்கு ஒருவருக்குப் பதில் இரண்டு பேர், ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது, ஒரே ஆட்டத்தில் ஆறு புள்ளி வரை வாங்கலாம்.

செப்டம்பர் கடைசியில் சிட்னியில் விழா நடந்தது, எல்லாரும் வந்தார்கள். நியூசிலாந்து வாரியர்ஸின் ஷான் ஜான்சனுக்கு வயது 33, இன்னொரு வாய்ப்பு வராது என்று எல்லாருக்கும் தெரியும், அரங்கின் ஆசை அவர் பக்கம். கடைசிச் சுற்று வரை எண்ணி முடித்தபோது ஜான்சன் 55, நியூகாசில் நைட்ஸின் கேலின் பொங்கா 56. பெண்கள் பதக்கமும் நியூகாசிலின் டமிகா அப்டனுக்கே போனது. சிட்னிக்கு வடக்கே இருக்கும் அந்தத் துறைமுக ஊர், நிலக்கரி ஏற்றிப் பிழைப்பது. 1999இல் எஃகு ஆலை மூடியபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்த ஊரும் அதுவே.